முனியாண்டி மடித்த இலை

என் வயதை ஒத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இளையவர்கள் படித்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் விடியாத இருட்டில் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கும், ரப்பர் ஒட்டுப்பால் வாடையை நாற்றம் என்றே அறியாமல் வளர்ந்தவர்களுக்கும் நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

நம் பழைய தோட்டத்து மக்கள் ஆண்டுதோறும் சிரம்பானில் கூடும் விருந்தில் என்னைப் பற்றி இரண்டு விதமான பேச்சு நடப்பதை நான் அறிவேன். காது மங்கிய பிறகும் இவ்வகைப் பேச்சு மட்டும் தவறாமல் வந்து சேர்ந்துவிடுகிறது. பெண்டாட்டியைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு ஓடிய மண்டோரின் மகள் என்பது ஒன்று. காட்டுக்காரர்களுக்குச் சோறு போட்ட குடும்பம் என்பது மற்றொன்று. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிழையைக் கண்டு சும்மா இருக்கும் வழக்கம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. இவ்விரு பேச்சிலும் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியைச் சொல்ல என்னைத் தவிர இப்போது எவரும் உயிரோடு இல்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் தோட்டம் மந்தினுக்கும் சிரம்பானுக்கும் இடையே, மலைக்காடு தொடங்கும் ஓரத்தில் இருந்தது. துப்பாக்கியோடு காட்டுக்குள் போனவர்களுக்கும் வெள்ளைக்கார அரசுக்கும் நடந்த போரை அரசு ‘அவசரகாலம்’ என்று அழைத்தது. எங்கள் லயக் குடியிருப்புகளில் அதை ‘கலவரம்’ என்றுதான் சொன்னார்கள். காட்டுக்காரர்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஆட்களை வேலைவாங்கும் மண்டோர் ஒருவரை மரத்தில் கட்டிவைத்து வெட்டியிருந்தார்கள். எங்கள் தோட்டத்து வாலிபர் இருவரை இராணுவ லாரி ஏற்றிச் சென்றது; அவர்கள் திரும்பவில்லை. எந்தப் பக்கத்துக்கு அஞ்சுவது என்று தெரியாமல் பெரியவர்கள் இரண்டு பக்கத்துக்கும் அஞ்சினார்கள்.

லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி வந்தது. பெண்கள் முதல் வாரம் அதைப் பார்த்து அழுதார்கள். இரண்டாம் வாரம் அதில் துணி காயப்போட்டார்கள். வாசலில் காவலர்கள் நின்று, ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்களின் வாளியையும் மடியையும் சோதித்தார்கள். ஒரு பிடி அரிசி, ஒரு கவளம் சோறு வெளியே போகக் கூடாது. காட்டில் இருப்பவர்களைப் பட்டினி போட்டு வெளியே கொண்டுவருவது அரசின் திட்டம். சோறு கொடுத்தவர் எவராயினும் சிறை. நாடு கடத்தலும் உண்டு.

அந்தக் கட்டளைக்கு ஒரே ஒரு விலக்கு இருந்தது. அது முனியாண்டி.

ரப்பர் நிரைகள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், பெரிய காட்டு மரத்தடியில், ஒரு கல்லும் துருவேறிய வேலும் எலுமிச்சம்பழமுமாக முனியாண்டி இருந்தார். காட்டிலிருந்து எதுவும் தோட்டத்துக்குள் வராமல் காப்பது அவர் பொறுப்பு என்று எங்கள் மக்கள் நம்பினார்கள். வெள்ளிக்கிழமைதோறும் வேலை முடிந்த பின் என் தந்தை அங்கே படையல் வைப்பார். மண்டோர் வேலையோடு பூசை செய்யும் உரிமையும் அவருடையதாக இருந்தது. வேலி வந்தபோது படையலை நிறுத்தச் சொன்னார்கள். ஆட்கள் வேலைக்குப் போகமாட்டோம் என்று பெரட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது சின்னத்துரை, அதாவது தோட்டத்து உதவி நிர்வாகி, நடுவே வந்து, சாமிக்கு ஓர் இலை மட்டும் போகலாம் என்று அனுமதித்தார். அவர் மற்ற துரைமார்களைப்போல் இல்லை. அயர்லாந்து என்ற நாட்டவர் என்று கணக்கெழுதும் கிராணி சொல்வார். எங்களுக்கு வெள்ளைக்காரர் அனைவரும் ஒரே ஊர்க்காரர்.

வாழையிலையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, பக்கத்தில் ஒரு சுருட்டு. படைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வர வேண்டும். நான் கற்பூரத் தட்டை ஏந்திச் செல்வேன். மறுநாள் காலை தந்தை மரங்களைப் பார்வையிடப் போகும்போது இலை கிழிந்து கிடக்கும். குரங்கும் காட்டுப்பன்றியும் சோற்றை இறைத்திருக்கும். அதைச் சாமி ஏற்றுக்கொண்டதாகவே கொள்வது வழக்கம்.

அந்த ஆண்டு இறுதி மழையில், ஒரு சனிக்கிழமை, இலை கிழியாமல் இருந்தது. ஒரு பருக்கை மிச்சமில்லை. இலை பாதியாக மடிக்கப்பட்டிருந்தது.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உண்டவர் இலையின் மேற்பாதியைத் தம் பக்கமாக இழுத்து மடித்தால் நிறைவு, உறவு தொடரும், மீண்டும் வருவேன் என்று பொருள். இறந்தவர் வீட்டில் மட்டுமே கீழ்ப்பாதியை எதிர்ப்பக்கமாகத் தள்ளி மடிப்போம். முனியாண்டியின் இலை தம் பக்கமாக மடிக்கப்பட்டு, நுனி உள்ளே செருகப்பட்டு, வெற்றிலைப் பொட்டலம்போல ஒழுங்காக இருந்தது.

தந்தை அதைத் தொடும் முன் விழுந்து கும்பிட்டார். அவர் கல்வி கற்றவர் அல்லர், பெருமை மிகுந்தவர். தம் கையால் படைத்த சோற்றைச் சாமி மனிதரைப்போல் உட்கார்ந்து உண்டது என்பதை அவரால் மார்புக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. அடுத்த பெரட்டில் எல்லாருக்கும் சொன்னார். அடுத்த வாரமும் இலை அவ்விதமே மடிந்திருந்தது. தோட்டத்தின் அடுத்த டிவிஷனிலிருந்து ஆட்கள் வந்து முட்டையும் சுருட்டும் கொடுத்துப் போனார்கள். பிள்ளையில்லாதவர்கள் அந்த மடித்த இலையைக் கேட்டு வாங்கிப் போனார்கள். 

கிராணி மட்டும் பெரட்டில் சிரித்தார்.

“ஏன் மண்டோர், ஒன் சாமி எலைய மடிச்சிச்சே, கையக் கழுவிச்சா?”

“மழை பேஞ்சிச்சுங்க கிராணி. சாமிக்குத் தனியா தண்ணி வேணுமா?” என்றார் தந்தை. களமே சிரித்தது. தந்தையின் வாழ்வில் அதைவிட உயர்ந்த பருவம் வரவில்லை.

அம்மா மட்டும் மகிழவில்லை. அவர் மரத்தில் பால்வெட்டுபவர். மெலிந்த உடம்பு, தலையில் பால்கறை படிந்து கறுத்த துணி, கழுவினாலும் போகாத புகையும் பாலும் கலந்த வாசம். முதல் வாரம் தந்தை கொண்டுவந்து காட்டிய இலையைக் கையில் வாங்கி, செருகிய நுனியை விரலால் தடவிப் பார்த்தார். பின்பு தாழ்ந்த குரலில் கேட்டார்.

“சாமி சாப்புட்டா சாப்புட்டுட்டுப் போவுது. அதைப் போயி ஊரெல்லாம் ஏங்க சொல்றீங்க?”

தந்தை அதைப் பக்திக் குறைவு என்று எடுத்துக்கொண்டார். அடுத்து வந்த வெள்ளிக்கிழமைகளில் அம்மா அரிசியைக் கூடுதலாகப் போட்டார். அப்பளத்தைப் பொரிக்காமல் தணலில் சுட்டு இலையில் வைத்தார். சாமிக்குச் சுட்ட அப்பளம் படைத்து நான் பார்த்ததில்லை. மலேரியா தடுக்க, வாரம் ஒருமுறை தோட்டத்து மருந்தகத்து டிரஸர் பெரட்டில் நின்று எல்லாருக்கும் கொய்னா மாத்திரை கொடுத்து விழுங்கச் செய்வார். அம்மா அதை நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்திருந்து, வீட்டுக்கு வந்து சேலைத் தலைப்பில் துப்பி, அடுப்போரம் உலர்த்துவதைக் கண்டேன். வெள்ளிக்கிழமை அதைச் சோற்று உருண்டைக்குள் அழுத்தினார்.

“சாமிக்குக் காய்ச்சலாம்மா?”

“மழைக்காலம்ல பாப்பா. சாமியுந்தான் நனையுது.”

அந்த விடை எனக்குப் போதுமானதாக இருந்தது. அந்தப் பருவத்தில் அம்மாவுக்கே அடிக்கடி குளிர்க்காய்ச்சல் வந்ததும், சாக்கைப் போர்த்திக்கொண்டு பற்கள் கிட்ட அவர் அடுப்பருகே கிடந்ததும், நான் வளர்ந்த பிறகே ஒன்றோடொன்று சேர்ந்தன. மழையில் வேலை செய்ததால் வந்த காய்ச்சல் என்றார் தந்தை.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, பால் நிறுக்கும் கொட்டகையில் ஆட்கள் கலைந்த பின், சின்னத்துரை தந்தையை நிறுத்தினார். நான் தந்தையின் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். குழந்தை என்று அவர் என்னைப் பொருட்படுத்தவில்லை. துரைமார் கற்ற தோட்டத்துத் தமிழில்தான் அவர் பேசினார். அதில் மரியாதைச் சொற்கள் இருப்பதில்லை. ஆனால் அன்று அவர் குரலில் மரியாதை இருந்தது.

முனியாண்டி இலை மடிக்கும் செய்தி சிரம்பானில் இராணுவம்வரை எட்டிவிட்டது என்றும், இந்த வெள்ளிக்கிழமை சிப்பாய்கள் கோயிலைச் சுற்றி மறைந்திருக்கப் போகிறார்கள் என்றும் சொன்னார். தந்தை வழக்கம்போல் இலை வைத்துவிட்டு வர வேண்டும் என்பது அவர்கள் கட்டளை. உண்ண வருகிறவன் சுடப்பட்டால், மண்டோர் காட்டிக்கொடுத்தான் என்று காட்டுக்காரர்கள் தந்தையை வெட்டுவார்கள். தப்பினால், மண்டோர்தான் சோறு போட்டவன் என்று அரசு அவரைப் பிடிக்கும்.

“வெள்ளிக்கிழமைக்கு முன்ன போயிரு, மண்டோர். பொண்டாட்டி, புள்ள, எல்லாம் கூட்டிக்கிட்டுப் போ.”

சின்னத்துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“எங்க ஊர்ல சண்டை. மலையில ஆளுங்க இருந்தாங்க. எங்கம்மா கொல்லைச் சொவத்து மேல ரொட்டி வெப்பா. எங்க ஊர்லயும் காட்டுச் சாமி இருக்கு, அதுக்குன்னு சொல்லுவா. நான் நம்புனேன். ஒருநா சிப்பாய் வந்தான், வீட்டைக் கொளுத்துனான். எங்கம்மா என்னை மாமாகூடக் கப்பல்ல அனுப்பிட்டா. அவ வரல. நானும் திரும்பிப் போவல.”

பிற்காலத்தில் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது அந்நாட்டின் வரலாற்றைப் படித்தேன். எரிந்த வீடுகளைப் பற்றிய ஒரு பக்கத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன். சாமிக்கு ஓர் இலை போகலாம் என்று அவர் அனுமதித்தது இரக்கத்தால். அந்த இரக்கமே எங்களுக்கு முடிவாயிற்று என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் தந்தை நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. அச்சத்தைவிட அவமானம் அவரை வாட்டியது. சாமி என்று ஊரெல்லாம் சொன்னது எவனோ ஒரு பசித்த மனிதன். அம்மா அடுப்பிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எவனோ இல்லீங்க. என் தம்பி.”

என் மாமாவை எனக்கு நினைவிருந்தது. தொழிற்சங்கத்தில் இருந்தவர். சங்கங்களைத் தடை செய்தபோது, சிங்கப்பூருக்குக் கப்பல் வேலைக்குப் போவதாகச் சொல்லிப் போனார். எங்கள் வீட்டில் உண்ணும்போது சுட்ட அப்பளம் இல்லாமல் கை நனைக்க மாட்டார். உண்டபின் இலையை மடித்து நுனியைச் செருகி, “அக்கா, பொட்டலம் கட்டியாச்சு, நாளைக்குப் பிரிச்சுக்கலாம்” என்று கேலி செய்வார்.

தந்தை அம்மாவை அடிக்கவில்லை. இதையும் இங்கே பதிவு செய்கிறேன், ஏனெனில் அடித்தார் என்று சொல்வோர் உண்டு. “எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாயத் தொறந்திருப்பனா?” என்று மட்டும் கேட்டார். அம்மா, “சொல்லியிருந்தா நீங்களும் சேந்து பொய் சொல்லணும். ஒங்களுக்குப் பொய் வராதே” என்றார். இருவரும் சொன்னதும் சரி. அதனால்தான் அதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

மறுநாளே ராசா என்ற ஊரில் இருந்த பெரியப்பா வீட்டுக்குப் போவது என்று தந்தை முடிவு செய்தார். மூவரும் போவோம் என்றார். அம்மா மறுத்தார். வெள்ளிக்கிழமை சோறு தேடி வருகிறவன் சிப்பாய்கள் மத்தியில் வந்து நிற்பான். வியாழக்கிழமை பால்வெட்டப் போகும்போது கோயிலில் அவனுக்கு ஓர் அடையாளம் வைத்துவிட்டால் அவன் பார்த்து விலகிவிடுவான். வைக்க அம்மாவைத் தவிர ஆள் இல்லை. மண்டோர் குடும்பத்தோடு போனால் கேள்வி வரும். அவர் பெண்டாட்டி வேலையில் நின்றால் வராது.

“நீங்க பாப்பாவக் கூட்டிக்கிட்டுப் போங்க. வெள்ளிக்கிழம கழிச்சு நான் வந்துர்றேன்.”

நாங்கள் ராசாவில், பெரியப்பா வீட்டின் பின்னறையில் தங்கினோம். தந்தை சனிக்கிழமை காலையிலேயே சாலைக்குப் போய்ப் பேருந்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஞாயிறும் நின்றார். அடுத்த வாரமும் நின்றார். வேலை கிடைத்த பிறகும், வேலை முடிந்து அதே இடத்தில் சற்று நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். நான் பெரியப்பா வீட்டு வாசலிலிருந்து அவருடைய முதுகைப் பார்ப்பேன்.

நடந்ததை, பல மாதம் கழித்து, எங்கள் லயத்தில் அடுத்த வீட்டில் இருந்த அக்கா வந்து சொன்னார். அம்மா வியாழக்கிழமை விடியலில் தம் நிரையை வெட்டி முடித்து, யாருக்கும் தெரியாமல் கோயிலடிக்குப் போய், வெற்று இலை ஒன்றைத் துக்க வீட்டு முறையில் எதிர்ப்பக்கமாக மடித்து வைத்திருக்கிறார். இனிச் சோறு இல்லை, வராதே, இது சாவு வீடு என்று தம்பிக்கு அதில் எழுதியாயிற்று. வேறு எவர் கண்ணிலும் அது குப்பை.

ஆனால் அம்மாவால் இலையை வெறுமனே வைக்க முடியவில்லை. தம்பிக்குக் காய்ச்சல் என்று அவர் முடிவே கட்டியிருந்தார். சேமித்த கொய்னா மாத்திரைகளை இலைக்குள் வைத்தே மடித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை இடம் பார்க்க வந்த சிப்பாய்கள் இலையைப் பிரித்தார்கள். தோட்டத்து மாத்திரை. யாருடைய நிரை கோயிலுக்குப் பக்கம் என்பது பெரட்டுக் களத்தில் நின்ற எவருக்கும் தெரியும். அம்மாவை எல்லார் முன்னிலையிலும் நிறுத்தி, யாருக்கு வைத்தாய் என்று கேட்டிருக்கிறார்கள்.

“சாமிக்கு,” என்றாராம். “மழையில நனையுதே, சாமிக்குக் காய்ச்சல் வராதா?”

மொழிபெயர்க்க நின்றவர் சிரித்தாராம். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டும், தைப்பிங் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய்க் கேட்டும், அம்மா அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. கடைசியில் கிள்ளான் துறைமுகத்தில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். கடலையே பார்த்ததில்லை. இந்தியாவில் அவருக்கு ஒரு வீடோ முகமோ இல்லை. மாமா அந்த இலையைத் தூரத்திலிருந்து பார்த்துத் தப்பினாரா, அதற்கு முன்பே காட்டில் காய்ச்சலில் போய்விட்டாரா என்பதும் தெரியவில்லை. மாத்திரைகள் எடுக்கப்படவில்லை என்பது மட்டுமே தெரியும்.

அம்மா காய்ச்சலில் இறந்ததாகத் தந்தை ராசாவில் எல்லாரிடமும் சொன்னார். மகளுக்கு நல்ல இடத்தில் படிப்பும் வேலையும் வரவேண்டும் என்று அவர் கட்டிய வேலி அது. அந்தச் சொல்லை அவர் உயிரோடு இருந்தவரை நான் காத்தேன். எங்கள் வீட்டில் இலை போட்டு உண்டதில்லை. கல்யாண வீடுகளிலிருந்து பந்திக்கு முன்பே கிளம்பிவிடுவார். அவருக்குப் புத்தி தடுமாறிய கடைசி நாள்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டார்.

“வெள்ளிக்கிழம கழிச்சு வர்றேன்னு சொன்னாளா இல்லியா? நீ கேட்டியில்ல பாப்பா?”

கேட்டேன்ப்பா என்பேன். சமாதானமடைந்து கண்ணை மூடுவார். சற்று நேரத்தில் மறுபடியும் கேட்பார்.

தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்துவிட்டது. முனியாண்டி மட்டும் இடம் மாறவில்லை. அவருக்குக் கோபுரம் இருக்கிறது, கார் நிறுத்துமிடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமைதோறும் அன்னதானக் கூடத்தில் பந்தி நடக்கிறது. சென்ற மாதம் என் மகள் பாரோயிலிருந்து வந்து என்னைக் காரில் அழைத்துப் போனாள். கூடத்தில் இலை போட்டார்கள். என் வாழ்நாளில் எத்தனையோ பந்திகளில் தட்டு கேட்டு வாங்கி உண்டவள் நான். அன்று கேட்கவில்லை.

தோட்டத்தை விட்டுப் புறப்பட்ட அந்தப் புதன்கிழமை காலை அம்மா எனக்கு இலையில்தான் சோறு போட்டார். வெள்ளிக்கிழமைக்கென்று வைத்திருந்த இலை; இனி எதற்கு என்று நினைத்திருக்கலாம். தணலில் சுட்ட அப்பளமும் வைத்தார். வெளியே பால் லாரி நின்றுகொண்டிருந்தது. தந்தை மூட்டையோடு அவசரப்படுத்தினார். நான் அரைகுறையாக உண்டுவிட்டு, இலையின் கீழ்ப்பாதியை எதிர்ப்பக்கமாகத் தள்ளி மடித்துவிட்டு எழுந்தேன். அம்மா என் தோளை அழுத்தி உட்காரவைத்தார். காய்ச்சலில் அவர் கை சுட்டது. இலையைப் பிரித்து, என் விரல்களைத் தம் விரல்களால் பிடித்து, மேற்பாதியை என் பக்கமாக மடிக்கவைத்தார்.

“இப்புடி மடி பாப்பா. திரும்பி ஒண்ணா ஒக்காந்து சாப்புடணும்ல.”

அன்னதானக் கூடத்தில் என் வரிசையில் எல்லாரும் எழுந்து கைகழுவப் போய்விட்டார்கள். நான் இலையை என் பக்கமாக மடித்து, நுனியை உள்ளே செருகிவிட்டு அதன் முன் உட்கார்ந்திருந்தேன். வாளியோடு வந்த இளைஞன் குனிந்து, “எடுத்துறவா பாட்டி? அடுத்த பந்திக்கு ஆளு நிக்குது லா” என்றான்.

கொஞ்சம் இருக்கட்டும் என்றேன்.